கப்பல் சுற்றிப் போனால் சட்டை விலை ஏன் ஏறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

செங்கடல், கருங்கடல், பொருளாதாரத் தடைகள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். போர்ச் செய்தியில் குண்டு விழுந்த ஊரின் பெயர்தான் முதலில் வரும். கப்பலுக்கு யார் காப்பீடு கொடுத்தார், அது எந்த வழியாகப் போகிறது, பணம் எந்த வங்கிக் கணக்கில் கிடக்கிறது என்பதெல்லாம் கடைசிப் பத்தியில் இருக்கும். பல சமயம் இருக்கவே இருக்காது. நம் வீட்டுக்கு வந்து சேரும் விலை அந்த விடுபட்ட பத்தியில்தான் இருக்கிறது.

கேள்வி: ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் பின்னலாடை அனுப்புகிறோம். செங்கடலில் அடிபட்டவை சில கப்பல்கள்தான். அதற்கு எங்கள் கண்டெய்னர் கட்டணம் பல மடங்கு ஏறியது எந்தக் கணக்கில்? – ஏற்றுமதியாளர், திருப்பூர்

அடிபட்ட கப்பல்களை எண்ணினால் விடை கிடைக்காது. அடிபடக் கூடாதென்று சுற்றிப் போன கப்பல்களை எண்ண வேண்டும்.

2023 நவம்பர் 19 அன்று யேமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் செங்கடலில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி 'கேலக்ஸி லீடர்' கப்பலைப் பிடித்தார்கள். டிசம்பர் நடுவிலேயே பெரிய கண்டெய்னர் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக, சூயஸுக்குப் போகும் வழியில் செங்கடலின் தெற்கு வாயிலான பாப்-எல்-மண்டெப் நீரிணையைக் கைவிட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. கிழக்காசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்கு அந்தச் சுற்று ஏறத்தாழ 3,500 கடல் மைல் கூடுதல், 10 முதல் 14 நாள் அதிகம். இந்தியாவிலிருந்து போகும் சரக்குக்கு அடி இன்னும் பலம். நமக்கு சூயஸ் அவ்வளவு பெரிய குறுக்கு வழி.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆசியா–வட ஐரோப்பா வாராந்தரச் சேவை ஒன்று போய்த் திரும்ப 12 வாரம் ஆகிறது என்று வையுங்கள். வாரம் தவறாமல் ஒரு கப்பல் உங்கள் துறைமுகத்துக்கு வர, அந்தச் சேவைக்கு 12 கப்பல் வேண்டும். சுற்று 14, 15 வாரமாக நீண்டால் அதே சேவைக்கு இன்னும் இரண்டு மூன்று கப்பல் தேவை. கிடைக்காவிட்டால் சில வாரங்களில் கப்பலே வராது. கண்டெய்னர் பெட்டிகளும் அதேபோல் கூடுதல் நாள் கடலில் மாட்டிக்கொள்ளும். இங்கே காலிப் பெட்டிக்குத் தட்டுப்பாடு வரும். ஒரு கப்பல்கூட மூழ்காமலே உலகக் கப்பல் படையின் ஒரு பகுதி காணாமல் போனதற்குச் சமம் இது. ஷாங்காயிலிருந்து ராட்டர்டாமுக்கு 40 அடிப் பெட்டி 2023 நவம்பர் இறுதியில் 1,200 டாலர் அளவில் இருந்தது. 2024 ஜூலையில் 8,000 டாலரைத் தாண்டியது.

வேகத்தைக் கூட்டி நாட்களை மிச்சப்படுத்தலாமே என்று கேட்பீர்கள். கப்பலின் எரிபொருள் செலவு வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறும். வேகத்தை 10% கூட்டினால் மணிக்கு எரியும் எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஐரோப்பியத் துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு 2024 முதல் கார்பன் கட்டணமும் உண்டு. அந்த ஆண்டின் வெளியேற்றத்தில் 40%, 2025க்கு 70%, 2026 முதல் முழுவதும் என்று படிப்படியாகக் கணக்கில் சேர்கிறது. நீண்ட வழியில் அந்தச் சுமையும் நீளும்.

அடுத்தது போர்க் காப்பீடு. லண்டன் காப்பீட்டாளர்களின் கூட்டுப் போர்க் குழு ஆபத்தான கடற்பகுதிகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பகுதிக்குள் நுழைய கப்பல்காரர் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். அது வழக்கமாக 7 நாளுக்குத்தான் செல்லும். நெருக்கடிக்கு முன் செங்கடலுக்குக் கப்பல் மதிப்பில் 0.05% அளவில் இருந்த இந்தப் பிரீமியம் 0.7%, 1% வரை போனது. 10 கோடி டாலர் மதிப்புள்ள கப்பலுக்கு 50,000 டாலர் இருந்த இடத்தில் 10 லட்சம் டாலர். ஆனால் அந்தக் கப்பலில் 10,000 பெட்டி இருந்தால் ஒரு பெட்டிக்கு விழுவது 100 டாலர்தான். இதை மனதில் வையுங்கள். ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் முகவர்) 'வார் ரிஸ்க்' என்று சொல்லி ஒரு பெட்டிக்கு 1,000 டாலர் எழுதினால், அதன் பெரும்பகுதி காப்பீடு இல்லை, இடப் பற்றாக்குறையின் விலை. அடிப்படை ஃபிரைட் (கப்பல் கட்டணம்), எரிபொருள், கார்பன், போர் சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்), உச்சகால சர்சார்ஜ் என்று தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே தொகையாகத் தந்தால், காரணம் நீங்கிய பிறகும் அது இறங்காது.

தூத்துக்குடியிலிருந்து உங்கள் பெட்டி பெரும்பாலும் ஃபீடர் என்ற சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே தாய்க் கப்பல் என்ற பெரிய கப்பலில் ஏறும். தாய்க் கப்பல் தாமதமானால் பெட்டி கொழும்பில் காத்திருக்கும். எந்த வாரத்துத் தாய்க் கப்பலில் இடம் உறுதி என்பதை ஃபீடரில் ஏற்றும் முன்பே எழுத்தில் வாங்குவது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பல்கள் சூயஸுக்குத் திரும்பும்போதும் கட்டணம் உடனே ஒழுங்குக்கு வராது. முனையைச் சுற்றி வந்தவையும் குறுக்கே வந்தவையும் ஒரே வாரங்களில் ஐரோப்பியத் துறைமுகங்களில் குவியும். அந்த நெரிசல் தீரச் சில வாரங்கள் பிடிக்கும். இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் நிற்காத எகிப்துக்கு விழுந்த அடியையும் பாருங்கள்: சூயஸ் கால்வாய் வருமானம் 2023இல் 1,025 கோடி டாலர், 2024இல் ஏறத்தாழ 400 கோடி.

கேள்வி: எங்கள் மரைன் பாலிசி 'ஆல் ரிஸ்க்' என்று ஏஜெண்ட் சொல்கிறார். ஏவுகணை விழுந்தால் பணம் கிடைக்குமா? – வீட்டுத்துணி ஏற்றுமதியாளர், கரூர்

அந்தப் பாலிசியில் மட்டும் கிடைக்காது. 'ஆல் ரிஸ்க்' என்று வழக்கில் சொல்வது இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் (ஏ). அதன் விலக்குகளில் போர், பிடித்துவைத்தல், கைவிடப்பட்ட கண்ணிவெடி எல்லாம் உண்டு. வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவையும் விலக்கே. இவற்றுக்கு இரண்டு தனி இணைப்புகள் வேண்டும்: இன்ஸ்டிடியூட் வார் கிளாசஸ் (கார்கோ), இன்ஸ்டிடியூட் ஸ்ட்ரைக்ஸ் கிளாசஸ் (கார்கோ). பாலிசித் தாளில் இந்த இரண்டு பெயரும் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கடற்கொள்ளை மட்டும் (ஏ) பிரிவிலேயே அடங்கும். ஆகவே சோமாலியக் கொள்ளையர் பிடித்தால் ஒரு விதி, ஆயுதக் குழு அரசியல் நோக்கத்தோடு பிடித்தால் வேறு விதி.

பலர் இடறும் இடம் போர்ப் பாதுகாப்பின் காலம். சாதாரண பாலிசி கிடங்கிலிருந்து கிடங்குவரை. போர்ப் பாதுகாப்பு அப்படியல்ல. சரக்கு கப்பலில் ஏறிய பிறகே தொடங்கும். இறுதித் துறைமுகத்தில் இறக்கியதும் முடியும். இறக்காவிட்டாலும் கப்பல் வந்த நாள் நள்ளிரவிலிருந்து 15 நாளில் முடிந்துவிடும். ஏற்றும் முன்பும் இறுதியாக இறக்கிய பிறகும் நிலத்தில் கிடக்கும் சரக்குக்குப் போர்ப் பாதுகாப்பு கிடையாது. நடுவில் கப்பல் மாறினால் அந்தத் துறைமுகத்திலும் இதே 15 நாள் கணக்குதான். கொழும்பில் 15 நாளுக்கு மேல் பெட்டி கிடந்தால் பாதுகாப்பு நின்றுபோய், அடுத்த கப்பலில் ஏறியதும் மறுபடி உயிர் பெறும். வருடம் முழுவதற்கும் ஓப்பன் பாலிசி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, போர் இணைப்பை 7 நாள் நோட்டீஸில் காப்பீட்டாளர் நிறுத்தலாம் என்பது. அந்த மின்னஞ்சல் உங்களுக்கு நேரே வருகிறதா, புரோக்கரிடமே நின்றுவிடுகிறதா என்று கேட்டு வையுங்கள்.

தாமதத்தால் வரும் நஷ்டம் எந்தப் பிரிவிலும் இல்லை. கிறிஸ்துமஸ் சரக்கு ஜனவரியில் போய்ச் சேர்ந்து பையர் (வாங்குபவர்) தள்ளுபடி கேட்டால் அது முழுக்க உங்கள் பை. அதனால் ஆர்டர் எழுதும்போதே தேதியைச் 'சென்று சேரும் நாள்' என்று ஒப்புக்கொள்ளாமல் 'கப்பலில் ஏற்றும் நாள்' என்று எழுதுங்கள். எல்.சி.யில் (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) வேறு காலம் குறிக்காவிட்டால், ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுத்தாக வேண்டும். கப்பல் தாமதம் என்பது அங்கே காரணமாகாது.

எஃப்.ஓ.பி. விலையில் அனுப்புகிறவர்கள் 'காப்பீடு பையர் பாடு' என்று இருந்துவிடுகிறார்கள். எஃப்.ஓ.பி.யில் பொறுப்பு மாறுவது சரக்கு கப்பலில் ஏறும்போது. தொழிற்சாலையிலிருந்து கப்பல் ஏறும்வரை நடக்கும் எதுவும் உங்கள் தலையில். பெட்டிச் சரக்குக்கு எஃப்.சி.ஏ. பொருத்தம்: கேரியரிடம் ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு மாறிவிடும்.

கடைசியாக 'ஜெனரல் ஆவரேஜ்'. கப்பலைக் காப்பாற்ற ஆகும் அசாதாரணச் செலவைக் கப்பலும் சரக்கு உரிமையாளர்களும் மதிப்பின் விகிதத்தில் பகிர வேண்டும் என்பது பழைய கடல் வழக்கம். 2021 மார்ச் 23 அன்று சூயஸில் சிக்கிய 'எவர் கிவன்' மிதந்த பிறகு உரிமையாளர் இதைத்தான் அறிவித்தார். காப்பீடு உள்ளவருக்குக் காப்பீட்டு நிறுவனமே உத்தரவாதக் கடிதம் கொடுக்கும். இல்லாதவர் ரொக்கமாக டெபாசிட் கட்டினால்தான் பெட்டி கைக்கு வரும். பெட்டிக்கு ஒரு கீறல் இல்லாவிட்டாலும்.

கேள்வி: உக்ரைனில் போர் வந்தால் சூரியகாந்தி எண்ணெய் ஏறுவது புரிகிறது. பாமாயிலும் கடலை எண்ணெயும் ஏன் ஏறின? – இல்லத்தரசி, சேலம்

போருக்கு முன் உலகச் சந்தைக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ பாதி உக்ரைனுடையது. இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் சுமார் 60% இறக்குமதி செய்கிறது. நம் சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு ஒடெசா பகுதித் துறைமுகங்கள் மூடின. வாங்க வந்தவர்கள் எல்லோரும் பாமாயில் பக்கம் திரும்பினார்கள். பிஸ்கட், நொறுக்குத் தீனி, சோப்புத் தொழிற்சாலைகளுக்கு எந்த எண்ணெய் மலிவோ அது போதும். எண்ணெய்கள் ஒன்றின் இடத்தை ஒன்று பிடிப்பதால் ஒன்றின் விலை மற்றதை இழுக்கும். அந்த நேரம் பார்த்து இந்தோனேசியா தன் உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. பாமாயில் அங்கே டீசலிலும் கலக்கப்படுகிறது. கச்சா எண்ணெய் ஏறினால் அதன் தேவையும் ஏறும். நம் ஊர்க் கடலை எண்ணெய்க்கு உக்ரைனோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாலும், பாக்கெட் எண்ணெய்க்கும் செக்கு எண்ணெய்க்கும் விலை இடைவெளி குறைந்ததும் வாங்குபவர் இந்தப் பக்கம் வந்தார்கள்.

விலை இறங்கிய விதத்தையும் பாருங்கள். 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று கருங்கடல் தானிய ஒப்பந்தத்தை முடித்தன. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகும்வரை ஏறத்தாழ 3.3 கோடி டன் சரக்கு வெளியே வந்தது. பிறகு உக்ரைன் ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டித் தானே ஒரு வழி திறந்தது. கடற்படைப் பாதுகாப்பு மட்டும் அதை ஓட வைக்கவில்லை. 2023 நவம்பரில் உக்ரைன் அரசும் லண்டன் காப்பீட்டாளர்களும் சேர்ந்து, கப்பல்காரர் தாங்கக்கூடிய பிரீமியத்தில் போர்க் காப்பீடு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். காப்பீடு கிடைக்காத துறைமுகத்துக்கு, பீரங்கி ஓய்ந்தாலும் கப்பல் வராது.

கேள்வி: கச்சா எண்ணெய் இறங்கினாலும் பெட்ரோல் ஏன் இறங்குவதில்லை? – கல்லூரி மாணவர், மதுரை

ஒரு பீப்பாய் 159 லிட்டர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால், பீப்பாய்க்கு 1 டாலர் மாறும்போது லிட்டருக்கு 57 காசு மாற வேண்டும். 10 டாலர் இறங்கினால் 5 ரூபாய் 70 காசு. இதை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதே நேரம் ரூபாய் மதிப்பு சரிந்தால் அந்தப் பலனில் ஒரு பகுதி கரைந்துவிடும். மத்திய கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான தொகை. கச்சா இறங்கினாலும் அது இறங்காது. தமிழ்நாட்டின் வாட் வரியில் ஒரு பகுதி சதவீதம், ஒரு பகுதி லிட்டருக்கு நிலையான தொகை. எஞ்சியதைத் தீர்மானிப்பவை பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள். 2022 மே 22 கலால் குறைப்புக்குப் பிறகு 2024 மார்ச் 15 அன்று 2 ரூபாய் குறைக்கும்வரை அவை நாடு முழுவதற்குமான விலை மாற்றம் எதையும் செய்யவில்லை. கச்சா ஏறியபோது நஷ்டத்தைத் தாங்கி, இறங்கியபோது ஈடு செய்துகொண்டன. விலை தினமும் சந்தையோடு நகரும் என்பது 2017 ஜூன் முதல் விதி. நடப்பில் அது நின்றுபோனது என்பதே உண்மை.

கேள்வி: ரஷ்யாவை 'ஸ்விஃப்ட்'டிலிருந்து நீக்கினார்கள், 300 பில்லியன் டாலரை முடக்கினார்கள் என்கிறார்கள். பணம் எங்கே இருக்கிறது? – வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், திருநெல்வேலி

இரண்டையும் பிரித்துப் படியுங்கள். தேர்விலும் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

ஸ்விஃப்ட் தபால்காரர் மாதிரி. பெல்ஜியத்தில் இருக்கும் அந்த அமைப்பு 200க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000க்கும் அதிகமான நிறுவனங்களுக்கிடையே செய்தி கொண்டுபோகிறது, பணத்தைத் தொடுவதில்லை. 2022 மார்ச் 12 முதல் ஏழு ரஷ்ய வங்கிகள் நீக்கப்பட்டன. அதனால் அவற்றின் பணம் போய்விடவில்லை. கட்டளை அனுப்பும் எளிய வழி போனது. வேறு வழிகளில் அனுப்பலாம், செலவும் பிழையும் கூடும்.

முடக்கம் என்பது கணக்கைப் பூட்டுவது. டாலர் எந்த நாட்டுக்குச் சொந்தமாக இருந்தாலும் கடைசியில் ஏதோ ஓர் அமெரிக்க வங்கியின் பேரேட்டில் வரவாகத்தான் இருக்கும். யூரோ அப்படியே ஐரோப்பியப் பேரேட்டில். ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பில் ஏறத்தாழ 300 பில்லியன் டாலர் இப்படிப் பூட்டப்பட்டது. அதில் பெரும்பங்கு, 190 பில்லியன் யூரோ அளவுக்கு, பிரஸ்ஸல்ஸில் உள்ள யூரோகிளியர் என்ற பத்திரக் காப்பகத்தில் இருக்கிறது. பறிமுதல் வேறு, முடக்கம் வேறு. இன்னொரு அரசின் சொத்தைப் பறிப்பதற்கு இறையாண்மைப் பாதுகாப்பு என்ற சட்டக் கோட்பாடு குறுக்கே நிற்கிறது. ஆனால் காப்பகத்தில் இருந்த கடன்பத்திரங்கள் முதிர்ந்து ரொக்கமாகி, அந்த ரொக்கம் வட்டி ஈட்டியது. அசல் ரஷ்யாவுடையது, எதிர்பாராத வட்டி லாபம் காப்பகத்துடையது என்ற வாதத்தில், அந்த வருவாயைக் கொண்டு அடைக்கும்படி 2024 ஜூனில் ஜி7 நாடுகள் உக்ரைனுக்கு 50 பில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டன. முடக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் காலவரையற்றதாக மாற்றியது.

இந்தியாவின் மாற்று வழியும் பாடத்தில் வரும். 2022 ஜூலை 11 அன்று ரிசர்வ் வங்கி ரூபாயில் வெளிநாட்டு வணிகம் செய்யச் சிறப்பு வாஸ்ட்ரோ கணக்குகளை (வெளிநாட்டு வங்கி இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) அனுமதித்தது. சிக்கல் என்னவென்றால், நாம் ரஷ்யாவிடம் வாங்குவது மிக அதிகம், விற்பது மிகக் குறைவு. அந்தக் கணக்குகளில் ரூபாய் குவிந்தது. 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் கிடக்கும் பில்லியன் கணக்கான ரூபாயைப் பயன்படுத்த முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். டாலரைத் தவிர்ப்பது எளிது. வணிகம் இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் தவிர்த்த பிறகு தேங்குவதுதான் பிரச்சினை.

கேள்வி: ஈரானுக்கு எண்ணெய்க் கடனைத் தேயிலையால் அடைப்பதாகச் சொன்னார்களே, அது உண்மையில் பண்டமாற்றா? – ஆசிரியர், யாழ்ப்பாணம்

பாதி பண்டமாற்று. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வாங்கிய எண்ணெய்க்காக ஈரானுக்கு 251 மில்லியன் டாலர் பாக்கி. தடைகளால் டாலரில் கட்ட வழியில்லை. 2021 டிசம்பரில் மாதம் 5 மில்லியன் டாலர் மதிப்புள்ள தேயிலை அனுப்புவதென்று உடன்பாடு. இலங்கைக்குள் கூட்டுத்தாபனம் ரூபாயைச் செலுத்தும், ஏற்றுமதியாளர் ரூபாய் பெறுவார். ஈரானுக்குள் தேயிலை இறக்குமதியாளர் ரியால் கட்டுவார், எண்ணெய் நிறுவனத்துக்கு அது போய்ச் சேரும். எல்லையைத் தாண்டுவது தேயிலை மட்டும். உணவுப் பொருளுக்குத் தடையில் விலக்கு உண்டு, தடைப் பட்டியலில் உள்ள வங்கி எதுவும் இதில் இல்லை என்பது இலங்கை அரசின் நிலைப்பாடு. 2022 நெருக்கடியால் தள்ளிப்போய் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. மாதம் 5 மில்லியன் வீதம் முழுக் கடனும் தீர 50 மாதத்துக்கு மேல் ஆகும். இதில் டாலர் உள்ளே வராது. தேயிலை போகும், அந்நியச் செலாவணி வராது. ஏற்றுமதி புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது இதைக் கழித்துப் பாருங்கள்.

கேள்வி: 'தாக்கப்பட்ட கப்பல்' என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை வீட்டிலிருந்தே சரிபார்க்க முடியுமா? – ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கோவை

ஓரளவு முடியும். கப்பலின் பெயரை நம்ப வேண்டாம். அது ஒரு நாள் பெயின்ட் வேலை. பின்புறத்திலோ பக்கவாட்டிலோ எழுதியிருக்கும் ஐ.எம்.ஓ. எண்ணை (கப்பலின் நிரந்தர அடையாள எண்) தேடுங்கள். ஏழு இலக்கம், கப்பல் கட்டியதிலிருந்து உடைக்கும்வரை மாறாது. அந்த எண் சரியான எண்தானா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். விடையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எவர் கிவனின் எண் 9811000. 63, 48, 5, 4, 0, 0; கூட்டினால் 120; கடைசி இலக்கம் 0. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எண் தவறாகப் படிக்கப்பட்டது அல்லது போலி.

அடுத்து, கப்பல் கண்காணிப்புத் தளங்களில் அந்த எண்ணைப் போட்டு அன்றைய இடத்தைப் பாருங்கள். ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவி, ஓடும் கப்பலிலிருந்து சில விநாடிக்கு ஒரு முறை செய்தி அனுப்பும். அதில் வரும் ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணின் (கப்பலின் வானொலி அடையாள எண்) முதல் மூன்று இலக்கம் எந்த நாட்டுக் கொடி என்பதைக் காட்டும்: 419 இந்தியா, 636 லைபீரியா, 538 மார்ஷல் தீவுகள், 273 ரஷ்யா. ஏ.ஐ.எஸ். பொய்யும் சொல்லும். கப்பல் நிலத்தின் மேல் தெரிந்தாலோ, பல கப்பல்கள் ஒரே இடத்தில் கச்சிதமான வட்டமடித்தாலோ ஜி.பி.எஸ். குழப்பப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ரஷ்ய எண்ணெய் சுமக்கும் 'நிழல் கப்பல்கள்' கருவியை அணைத்தும் விடுகின்றன. அவை ஏன் தோன்றின என்றால், 2022 டிசம்பர் 5 முதல் பீப்பாய் 60 டாலருக்கு மேல் விற்ற ரஷ்யக் கச்சாவுக்கு மேற்கத்தியக் காப்பீடு கிடையாது என்று ஜி7 விதித்தது. உலகக் கடல் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 90%க்குப் பொறுப்புக் காப்பீடு கொடுப்பவை 12 சங்கங்களின் ஒரே குழு. அந்தக் குடைக்கு வெளியே நிற்கப் பழைய கப்பல்களை வாங்கி மாற்றுக் காப்பீட்டோடு ஓட்டினார்கள்.

கடைசிப் படி செயற்கைக்கோள் படம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டர். 250 மீட்டர் டேங்கர் 25 புள்ளி நீளத்தில் தெரியும். மேகம் இருந்தால் சென்டினல்-1 ரேடார் படத்தைப் பாருங்கள். ஒரே இடத்துக்குத் திரும்ப வர சில நாட்கள் ஆகும் என்பதால் அன்றைய படம் அன்றே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். செங்கடல் வழியாகப் போகச் சொன்னால் மறுக்க முடியுமா? மறுத்தால் வேலை போய்விடுமா? – ஒரு தாய், கன்னியாகுமரி மாவட்டம்

அம்மா, இது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கப்பல் நிறுவனம் ஐ.பி.எஃப். என்ற சர்வதேசக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் இருந்து, அந்தக் கடற்பகுதி 'போர் நடவடிக்கைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டிருந்தால் மகனுக்கு மறுக்கும் உரிமை உண்டு. கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும், இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். போக ஒப்புக்கொண்டால் அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான போனஸ், குறைந்தது 5 நாளுக்கு. இறப்பு, ஊன இழப்பீடு இரு மடங்கு. செங்கடலின் தென்பகுதி இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒப்பந்தத்தில் ஐ.பி.எஃப். அல்லது ஐ.டி.எஃப். (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு) அங்கீகாரம் இல்லையென்றால் இந்த உரிமைகள் தாமாக வராது. எந்த விதி எழுதியிருக்கிறதோ அதுதான். கப்பல் ஏறுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

இது வெறும் பயம் இல்லை. 2024 மார்ச்சில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். கேலக்ஸி லீடரின் 25 மாலுமிகள் 14 மாதம் பிடித்துவைக்கப்பட்டு, 2025 ஜனவரி 22 அன்றுதான் விடுதலையானார்கள். 2025 ஜூலையில் இரண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன.

சம்பளம் நின்றுபோகும் ஆபத்து குண்டைவிட அடிக்கடி வருவது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் மாலுமி கைவிடப்பட்டவர் என்று கொள்ளலாம். நான்கு மாதம் வரையிலான பாக்கிச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீட்டாளரின் நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். மகனிடம் சொல்லி அந்தச் சான்றிதழைச் செல்போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காப்பீட்டாளரின் பெயரும் தொடர்பும் அதில்தான் இருக்கும்.

அதோடு வீட்டில் இவை இருக்கட்டும்: கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தின் நகல், மகனின் இன்டாஸ் எண் (மாலுமிப் பதிவு எண்), சி.டி.சி. (கடல் பணிச் சான்று) புத்தகத்தின் முதல் பக்கம், கப்பலின் ஐ.எம்.ஓ. எண், வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் ஆர்.பி.எஸ்.எல். (மாலுமிகளை வேலைக்கு அனுப்பும்) உரிம எண். இந்த உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதைக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். உரிமம் இல்லாத ஆள் மூலம் போயிருந்தால் சிக்கல் வரும்போது பொறுப்பேற்க இந்தியாவில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்படி என்றால் இப்போதே, கப்பல் அடுத்த துறைமுகத்தில் நிற்கும்போதே, மகன் அங்குள்ள ஐ.டி.எஃப். ஆய்வாளரைத் தொடர்புகொள்ளட்டும். கடலுக்குள் போன பிறகு செய்யக்கூடியது குறைவு.